ஊசி ஒன்றைத் தாண்டுமா?

அத்தியாயம் 17

மாப்பிள்ளை நேரம் தவறாதவர். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். எட்டே முக்காலுக்கே பட்டறை வாசலில் ஹாரன் அலறியது.

இடையில் ஓரிரு வாரம் விட்டுவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம். அண்ணன் டர்போ மெக்கானிக். அவருடைய தங்கையின் கணவர்தான் மாப்பிள்ளை, வாடகைக் கார் ஓட்டுகிறார். அந்தக் காரின் டர்போவைப் பிரித்து, பேரிங் மாற்றி, திரும்ப மாட்டிக் கொடுத்தவர் அண்ணன்தான். ஒரு வாரம் கார் பறந்தது. எட்டாம் நாளிலிருந்து மேட்டில் மூச்சு வாங்கியது. அண்ணன் பழைய சாமானைப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்று மாப்பிள்ளை கார் ஸ்டாண்டு முழுக்கத் தமுக்கடித்தார். வேலையில் குறையே கிடையாது, ஓட்டத் தெரியவில்லை என்று அண்ணன் திருப்பிச் சொன்னார். இரண்டு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

போன வாரம்தான் மாப்பிள்ளை ஒரு முடிவு கட்டினார். டர்போ எவ்வளவு காற்றை அழுத்தித் தள்ளுகிறது என்று காட்டும் பூஸ்ட் மீட்டர் ஒன்றை வாங்கினார். அதை மச்சானே தன் கையால் மாட்டட்டும், ஊசி சொல்வதை இருவரும் ஏற்றுக்கொள்வோம் என்று ஆள் விட்டுச் சொன்னார். ஊசி ஒன்றைத் தாண்டி ஒன்று புள்ளி இரண்டுக்குப் போனால் டர்போ சரி. மாப்பிள்ளை ஸ்டாண்டுக்காரர்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்பார். போகாவிட்டால் மச்சான் இனி அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது.

அண்ணன் உடனே ஒப்புக்கொண்டார். தன் கை பட்ட வேலை தோற்காது என்று அவருக்குத் திமிர். திமிர் என்று சொல்வது நான்தான். அவரைக் கேட்டால் தொழில் சுத்தம் என்பார்.

மாப்பிள்ளை மீட்டர் பெட்டியோடு இறங்கினார். பின் சீட்டிலிருந்து அவர் மகள் பட்டாணி குதித்து இறங்கினாள். ஏழு வயது, ஓர் இடத்தில் நில்லாமல் உருண்டுகொண்டே இருப்பதால் அந்தப் பெயர். இடது புருவத்தின் மேல் மூன்று தையல் போட்ட தழும்பு இன்னும் சிவந்தே இருந்தது. கடைசியாகத் தங்கை இறங்கினாள். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த சாமான்களைப் பார்த்தபடி நின்றுகொண்டாள்.

அந்தச் சுவர் அவளுக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு முன் ஐந்து வருஷம் இந்தப் பட்டறையில் ஸ்பேனர் பிடித்தவள். ஒவ்வொரு சாமானுக்கும் பின்னால் அதன் உருவத்தை வெள்ளைப் பெயின்டில் வரைந்து வைத்ததும் அவள்தான். எது இடத்தில் இல்லை என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. நட்டை முறுக்கியவர் அதன் மேல் குறுக்காக ஒரு பெயின்ட் கோடு போட்டாக வேண்டும். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அண்ணன் மஞ்சள், தங்கை வெள்ளை. யார் முறுக்கினாரோ அவர் பதில் சொல்ல வேண்டும்.

அண்ணன் வேலையைத் தொடங்கினார். என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் பாதையிலிருந்து ஒரு சின்ன ரப்பர் டியூப் பிரியும். அதை நடுவில் வெட்டி, மூன்று வாயுள்ள டி ஜாயின்ட் செருகி, கிளிப் போட்டு இறுக்கினார். மூன்றாவது வாயில் மீட்டரின் மெல்லிய டியூப்பை மாட்டி, என்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஒயர்கள் போகிற ஓட்டை வழியாக உள்ளே தள்ளினார்.

"உள்ளேருந்து இழு," என்றார் தங்கையிடம். இரண்டு மாதத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அவள் பெடல்களுக்குப் பக்கத்தில் குனிந்து டியூப்பை இழுத்து, கண்ணாடி ஓரத்துத் தூணுக்குக் கொண்டுபோய், பிளாஸ்டிக் மூடியை அடித்து மாட்டினாள். கை வேலையை மறக்கவில்லை என்று அண்ணன் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டார். மீட்டரின் விளக்கு ஒயரை பார்க்கிங் லைட் ஒயரோடு சேர்த்து, டேப் சுற்றி, மீட்டரைத் தூணில் உட்கார வைத்தார்.

மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஊசி பூஜ்யத்திலேயே படுத்திருப்பதைச் சுட்டிக்காட்டி, நண்பன் வண்டியில் பூஜ்யத்துக்கும் கீழே இறங்குமே என்று கேட்டார். அது பெட்ரோல் வண்டி, டீசல் நின்ற இடத்தில் பூஜ்யம்தான் காட்டும் என்று அண்ணன் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது.

ஓட்டிப் பார்க்க இருவர் மட்டும் போனார்கள். பட்டாணியைக் கூட்டிப்போக வேண்டாம் என்று தங்கை அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் மாப்பிள்ளை ஆக்சிலேட்டரைத் தரை வரைக்கும் மிதித்தார். ஊசி அசையவே இல்லை. மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. டர்போ அடியோடு செத்திருந்தால் வண்டி இந்த அளவுக்குக்கூட மேடு ஏறாது. காற்று மீட்டருக்கே வரவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

திரும்பி வந்து தூணின் மூடியைக் கழற்றினார். உள்ளே டியூப் இரண்டாக மடிந்து நசுங்கிக் கிடந்தது. அவசரத்தில் தங்கை சரியாகப் பார்க்காமல் மூடியை அழுத்திவிட்டாள் என்று நினைத்து, நசுங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு, வளைவில் டியூப்பைத் தளர்வாகப் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மீட்டரின் டியூப்பைக் கால் பம்ப்பில் மாட்டி, மாப்பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மிதித்தார். பம்ப் ஒன்று காட்டியபோது மீட்டரும் ஒன்று காட்டியது. அரை காட்டியபோது அரை.

"மீட்டர் சரியா இருக்கா? அப்புறம் மீட்டர் மேல பழி போடக் கூடாது," என்றார் அண்ணன்.

இனி அந்த ஊசி என்ன சொன்னாலும் அவரும் மறுக்க முடியாது. தன் கையாலேயே தன் வாயைக் கட்டிக்கொண்டார் மனிதர்.

இரண்டாம் முறை மேம்பாலத்தில் ஊசி எழுந்தது. புள்ளி மூன்று, புள்ளி ஐந்து, புள்ளி ஆறு. அங்கேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளை பாலத்தின் உச்சி வரை மிதித்துக்கொண்டே போனார். புள்ளி ஆறுதான். மீட்டரின் மேல் பாதிதான் வேலை செய்கிற டர்போ என்று எழுதி ஒட்டியதுபோல் இருந்தது.

இந்த முறை மாப்பிள்ளை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அண்ணன் தாங்கியிருப்பார்.

"நீங்க வேணும்னே செஞ்சீங்கன்னு சொல்ல வரல மச்சான். வயசாகுதில்ல, கை தப்பும். முன்னாடியே ஒத்துக்கிட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது," என்றார் மெதுவாக.

முப்பது வருஷத் தொழிலில் யாரும் அண்ணனைப் பார்த்துப் பரிதாபப்பட்டதில்லை. காது மடல் சிவந்துவிட்டது. ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று கேட்டார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை பட்டாணியைக் கூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கத்து டீக்கடைக்குப் போனார். போகும்போதே ஸ்டாண்டுக்குப் போன் போட்டார்.

அண்ணன் சோப்புத் தண்ணீரை எல்லா ஹோஸ்களின் மேலும் தெளித்து, என்ஜினை முடுக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை, காற்றுக் கசிவு இல்லை. காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை விரலால் தடவிப் பார்த்தார். எண்ணெய்க் கசிவு இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து, சூடு மறைக்கும் தகட்டைக் கழற்றி, டார்ச்சை அடித்தார்.

டர்போவின் பக்கவாட்டில் ஒரு குட்டிக் கதவு உண்டு. அழுத்தம் அளவுக்கு மேல் போனால் ஒரு கம்பி அந்தக் கதவைத் தள்ளித் திறந்து, டர்போவைச் சுற்ற வரும் புகையை வேறு வழியில் அனுப்பிவிடும். கம்பியின் நீளத்தைக் கூட்டினால் கதவு சீக்கிரமே திறந்துகொள்ளும். வண்டி நன்றாகவே ஓடும், ஆனால் பாய்ச்சல் இருக்காது. கம்பியைப் பூட்டும் பத்தாம் நம்பர் நட்டின் மேல் அண்ணன் போட்ட மஞ்சள் கோடு உடைந்து, இரண்டு துண்டும் இரண்டு பக்கம் பார்த்தன.

பக்கத்தில் இன்னொரு கோடு இருந்தது. புதிது, நேர்த்தியானது. வான நீலத்தில் மினுக்கு மினுக்கென்று ஜிகினா.

அந்த நீல நகப்பூச்சை அவருக்குத் தெரியும். கடைசியாகத் தங்கை வீட்டுக்குப் போனபோது பட்டாணி அவருடைய கட்டை விரல் நகத்தில் அதைப் பூசிவிட்டாள். பத்து நாள் போகவில்லை. ஸ்டாண்டுக்காரர்கள் சிரியாய்ச் சிரித்தார்கள்.

வெளியாள் எவனாவது கை வைத்திருந்தால் நட்டைத் திருகிவிட்டுப் போயிருப்பான். திருட்டு வேலை செய்துவிட்டு அதன் மேல் கோடும் போட்டுவிட்டுப் போகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான். முறுக்கிய நட்டைக் கோடு போடாமல் விட அவளுக்குக் கை வராது.

அண்ணன் வெளியே வந்து எழுந்து நின்றார். தங்கை பழைய துணியால் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஆறு சுத்து," என்றாள் அவளாகவே.

"மீட்டர் டியூப்பை மடக்கினதும் நீதானா?"

"ஆமா."

அண்ணன் டார்ச்சை மேஜை மேல் வைத்தார். "ரெண்டு மாசம். நான் போற எடமெல்லாம் பின்னால சிரிக்கறாங்க. நீ பார்த்துக்கிட்டே இருந்தியா?"

"பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். தினமும் அழுதேன். ஆனா அந்த ரெண்டு மாசம்தாண்ணே, அவர் வண்டி எடுத்துட்டுப் போனா நான் நிம்மதியா உக்காந்து சாப்பிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

தங்கை துணியைக் கீழே போட்டாள். "சொன்னேனே. நீ டர்போ மாட்டறதுக்கு முதல் நாள், இதே எடத்துல நின்னு சொன்னேன். கொஞ்சம் குறைச்சு வைண்ணே, அவர் காலுக்கு ஒரு பெடல்தான் தெரியும்னு. நீ என்ன சொன்னே?"

அண்ணன் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. என் பேர் கெட்டுவிடும், வேலையில் தலையிடாதே என்று சொல்லியிருந்தார். அதை அப்படியே மறந்தும் போயிருந்தார்.

"நீ ரொம்ப நல்லாத்தான் மாட்டினே. வண்டி பறந்துச்சு. ஏழாம் நாள் டிவைடர்ல போய்ச் சொருகினாரு. பட்டாணிக்கு மூணு தையல். லேசா உரசினதுதானேன்னாரு. வண்டிக்கு ஒண்ணும் ஆகலையேன்னு நீ கேட்டே."

கேட்டிருந்தார். அதுவும் உண்மைதான்.

மாப்பிள்ளையிடம் தான் உட்கார்ந்து பேசுவதாக, எடுத்துச் சொல்வதாக அண்ணன் சமாதானம் சொன்னார். தங்கை கசப்பாகச் சிரித்தாள். முன்பும்தான் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள், வண்டி எத்தனை வேகத்தில் ஓடும் என்று அரை மணி நேரம் பேசினார்கள் என்றாள்.

"இன்னிக்கு ஒரு நாள் தோத்துடுண்ணே. நீ எங்க வீட்டுக்கு வர வேண்டாம், நான் இங்க வந்து உன்னைப் பார்த்துட்டுப் போறேன். அவ முழுசா வளர்ந்தாப் போதும்."

அண்ணன் தலை குனிந்தார். சரி என்று சொல்லியிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். இன்னும் ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் சொல்லியிருப்பார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை ஸ்டாண்டிலிருந்து மூன்று டிரைவர்களை வரவழைத்திருந்தார். சாட்சிக்காம். அதில் மீசை வைத்த ஒருவர் பானட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தன் வண்டி டர்போவையும் இனிமேல் வேறு இடத்தில்தான் காட்ட வேண்டும் என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். தணிந்த குரலில்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

அண்ணனின் கை பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தது. அவர் எடுத்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வேறு யார் எடுத்தது? படுத்தார். நட்டைத் தளர்த்தி, கம்பியை ஆறு சுற்று உள்ளே திருகி, இறுக்கினார். நீல ஜிகினாவைக் கட்டை விரல் நகத்தால் சுரண்டி எடுத்தார். மஞ்சள் கோடு போட்டார்.

எழுந்து வந்து, டர்போவில் ஒரு கோளாறும் இல்லை, ஒரு கம்பி இடம் மாறியிருந்தது என்றார்.

"தானா மாறிடுமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

ஆமாம், வண்டி ஓடுகிற ஆட்டத்தில் சில சமயம் தளர்ந்துவிடும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தங்கை சுவரோரம் நின்று அந்தப் பொய்க்காகத்தான் காத்திருந்தாள். ஆனால் தளர்ந்துவிட்டது என்றால் அண்ணன் சரியாக முறுக்கவில்லை என்று ஆகிவிடும். மூன்று டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாறாது," என்றார் அண்ணன். "நான் முறுக்கின நட்டு தானா மாறாது."

"அப்ப எவனோ கை வெச்சிருக்கான்." மாப்பிள்ளையின் முகம் இறுகியது. வண்டி கழுவுகிற இடத்தில் இருக்கலாம், ஸ்டாண்டிலேயே பொறாமை பிடித்தவன் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். "இருக்கட்டும். இனிமே மீட்டர் இருக்கு. எவனாவது தொட்டா அன்னிக்கே தெரிஞ்சிடும். எவன் கையா இருந்தாலும் உடைக்காம விடமாட்டேன்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. அண்ணன் அதைப் பார்க்காமல் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் முறை அண்ணன் போகவில்லை. டிரைவர்களை ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை போனார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தபோது நான்கு பேர் முகத்திலும் பல். ஒன்று புள்ளி இரண்டு. இரண்டு தடவை மிதித்தார்களாம், இரண்டு தடவையும் ஒன்று புள்ளி இரண்டு. மாப்பிள்ளை சொன்ன சொல் தவறாமல் அங்கேயே கை கூப்பி மன்னிப்புக் கேட்டார். அண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும் என்றார். மீசைக்காரர் தன் வண்டியை நாளைக்கே கொண்டுவருவதாகச் சொன்னார். இத்தனை நாள் அண்ணன் கேட்கக் காத்திருந்த வார்த்தைகள் எல்லாம் ஒன்றுவிடாமல் வந்துவிட்டன. ஒன்றுகூட இனிக்கவில்லை.

டிரைவர்கள் கிளம்பினார்கள். பட்டாணி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து மீட்டரை விரலால் தட்டினாள். தங்கை அவளைப் பின்னால் போகச் சொன்னாள். ஊசி தெரியாது, மாட்டேன் என்று அவள் அடம்பிடித்தாள்.

"இருக்கட்டும் விடு," என்றார் மாப்பிள்ளை. "அப்பா எப்படி மேல ஏத்தறேன்னு பாருடா கண்ணு."

"இதுக்கும் மேல போகுமாப்பா?"

"வீட்டுக்குப் போறதுக்குள்ள பார்த்துடலாம்."

கார் முன்பும் வேகமாகப் போனது, வாஸ்தவம். ஆனால் முன்பு அவர் துரத்த ஊசி ஒன்று இல்லை. இப்போது கண்ணுக்கு நேராக ஒன்று இருந்தது. அதை அங்கே மாட்டிக் கொடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தங்கை குழந்தையைத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

"உன் பேர் பத்திரமா இருக்குண்ணே," என்றாள்.

கார் தெருமுனை திரும்பியதும் டர்போவின் சீழ்க்கை கேட்டது. கீச்சலோ உரசலோ இல்லாத சுத்தமான சீழ்க்கை. நல்ல வேலைக்கு அடையாளம் அதுதான் என்று அண்ணன் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். அது தேய்ந்து மறையும் வரை வாசலிலேயே நின்றார்.

உள்ளே வந்து சாமான்களைச் சுவரில் மாட்டத் தொடங்கினார். எட்டு, பன்னிரண்டு, பதிமூன்று. தங்கை எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்திருந்தாள். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் வெள்ளைப் பெயின்டில் வரைந்த பத்தாம் நம்பர் ஸ்பேனரின் உருவம் மட்டும் காலியாக இருந்தது.

மேஜைக்கு அடியில் தேடினார். பாக்கெட்டில் தேடினார். கார் நின்ற இடத்தில் குனிந்து தேடினார். அவர் வேலையை முடித்து எழுந்தபோது ஸ்பேனரைக் கையிலிருந்து வாங்கித் துடைத்தது அவள்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

டர்போ கம்பியை இனி அவள் தொட முடியாது. தொட்டால் ஊசி காட்டிக்கொடுத்துவிடும். அது அவளுக்கும் தெரியும். அப்படியானால் எதற்கு எடுத்துக்கொண்டு போனாள்?

பத்தாம் நம்பர் ஒரு காரில் எங்கெங்கே உட்காரும் என்று அவர் மனம் தானாகவே எண்ண ஆரம்பித்தது. பேட்டரி முனை. ஏர் ஃபில்டர் மூடி. சக்கரத்துக்குப் பின்னால், பிரேக் ஆயிலைத் திறந்துவிடும் அந்தச் சின்னத் திருகு. அது தளர்ந்தால் பிரேக் பிடிக்காது.

அங்கே வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டார். குழந்தையும் அதே காரில்தான் போகிறாள், தங்கை அப்படிச் செய்ய மாட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு போனை எடுத்தார். மாப்பிள்ளையைக் கூப்பிட்டால் தங்கையைக் காட்டிக்கொடுத்ததாகும். தங்கையைக் கூப்பிட்டால் அவள் எடுக்கப்போவதில்லை.

கட்டை விரல் நகத்தின் இடுக்கில் நீல ஜிகினா ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார்.